நாயின் மூளையும் எலியின் கண்ணும்

மூளையின் நரம்பணுக்கள் கட்டுமீறித் தூண்டப்படும்போது வலிப்பு தோன்றுகிறது. அத்தூண்டலை அடக்கிவைக்கும் காபா என்னும் வேதிப்பொருளும், வேலை முடிந்த காபாவைச் சிதைக்கும் நொதியும் மூளையிலேயே உண்டு. அந்நொதியை முடக்கினால் காபா பெருகும், காபா பெருகினால் வலிப்பு அடங்கும் என்ற கணக்கின்மேல் 1970களில் உருவாக்கப்பட்ட மருந்தே விகாபட்ரின். 1962இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில், வேறு சேர்மங்களைக் கரைக்க எடுத்த வெறும் கரைப்பானாயிருந்த வால்புரோயிக் அமிலமே வலிப்பைத் தடுப்பது தற்செயலாகத் தெரியவந்த வரலாற்றோடு ஒப்பிட்டால், இதன் பிறப்பு முறையானது. கணக்கு பொய்க்கவில்லை, கணக்கில் வராதவையே பின்னர் தொல்லை தந்தன.

எலி, சுண்டெலி, நாய் ஆகியவற்றுக்கு இம்மருந்தைத் தொடர்ந்து கொடுத்து மூளையை வெட்டிப் பார்த்தபோது, நரம்பிழைகளைக் கம்பியின் மேலுறைபோல் மூடியிருக்கும் மயலின் உறையின் அடுக்குகள் விலகி, இடையில் நீர் கோத்து, வெண்பகுதியில் நுண்ணிய குமிழ்கள் தோன்றியிருந்தன. இதனால் 1983இல் அமெரிக்காவில் மனிதர் மீதான சோதனைகள் நிறுத்தப்பட்டன. மருந்தை விட்டபின் விலங்குகளில் அந்த வீக்கம் பெரும்பாலும் வடிந்தது. குரங்குகளில் அது தெளிவாகத் தென்படவில்லை. மருந்துண்ட மனிதரின் மூளைத் திசுவிலும் அத்தகைய குமிழ்கள் அகப்படவில்லை. 1989இல் பிரிட்டன் இம்மருந்துக்கு அனுமதி வழங்கியது.

எல்லோர் கவனமும் மூளைமேல் இருக்க, கேடு கண்ணில் வந்தது. நேர்ப்பார்வை கெடாமல் ஓரப்பார்வை மட்டும் குறுகிவிட்ட மூன்று நோயாளிகளைப் பற்றிய செய்தி 1997இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. எழுத்துப் பலகையைப் பிழையின்றிப் படிப்பவர் கதவுநிலையில் தோள் இடித்துக்கொள்வார் என்பதால், இக்குறையை நோயாளியே உணர நாளாகும். உட்கொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு இக்குறை நேர்ந்ததும், இழந்த பார்வை திரும்பாததும் பின்னர் தெளிவாயின.

இதற்கும் விலங்குகள் முன்னறிவிப்புத் தந்திருந்தன என்பதே இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. 1980களிலேயே நிறமியற்ற வெள்ளை எலிகளின் விழித்திரையில் ஒளியணு அடுக்கு குலைந்திருந்தது கண்டறியப்பட்டது. ஆனால் நிறமியுள்ள எலிகளில் அது காணப்படாததால், வெளிச்சத்தைத் தாங்கமாட்டாத வெள்ளை எலிக்கண்ணின் தனிக் குறையாக அது ஒதுங்கிப்போயிற்று. மருந்து உடலின் டாரின் என்னும் அமினோ அமிலத்தைக் குறைக்கிறது, அந்தக் குறைவோடு வெளிச்சமும் சேர்ந்தே எலியின் விழித்திரையைக் கெடுக்கிறது என்று 2009இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டியபோது, ஒதுக்கப்பட்ட அந்த எலிக்குப் பொருள் கிடைத்தது. மூளைக் குமிழ்களும் முற்றிலும் பொய்யச்சமாக முடியவில்லை. மருந்துண்ட கைக்குழந்தைகள் சிலரின் மூளைப் படங்களில், விலங்குகளில் கண்டதை நினைவூட்டும் மாற்றங்கள் தென்பட்டன, மருந்து நின்றபின் அவை பெரும்பாலும் மறைந்தன. விலங்குகள் தந்த தடயங்கள் வீணாகவில்லை. அவற்றை எந்த உறுப்பில், எந்த வயதில் தேடுவது என்பதில்தான் மனிதர் தவறினர்.

2009இல் அமெரிக்கா இம்மருந்தை அனுமதித்தபோது, கண்பார்வையை அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. ஓரப்பார்வையை அளக்கும் சோதனையில், ஒளிப்புள்ளி தெரிந்ததும் நோயாளி பொத்தானை அழுத்த வேண்டும். இம்மருந்து மிகுதியும் தேவைப்படும் கைக்குழந்தைகளால் அது இயலாது.