கெட்ட பெயரும் தேயிலையும்: தெல்தோட்டை சொல்லும் பாடம்

நிறுவனமொன்றின் பெயர் கெட்டுவிட்டால் அதனை மீட்பது எப்படி என்ற கேள்விக்கு இன்று ஆலோசகர்கள் கட்டணம் பெற்று விடை கூறுகிறார்கள். அவர்களைத் தேடிச் செல்லுமுன் கண்டிக்கு அண்மையிலுள்ள தெல்தோட்டையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது பயன் தரும் என்பது என் கருத்து. கெட்ட பெயர் ஒன்று உண்மையாகவே நீங்கியதையும், இன்னொன்று பூசி மறைக்கப்பட்டதையும் இம்மலைகள் கண்டிருக்கின்றன.

முதலாவது கோப்பியின் கதை. 1869 இல் தொற்றிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தது. தோட்டங்களில் பெரும் பணத்தை முடக்கியிருந்த ஓரியன்டல் வங்கி 1884 இல் கதவை மூடியது. அதன் நாணயத்தாள்களுக்கு ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசின் உத்தரவாதத்தை அளிக்க நேர்ந்தது. இலங்கைத் தோட்டம் என்றாலே முதலிட அஞ்சிய காலம் அது. அந்த அச்சத்தைப் போக்கியது விளம்பரமன்று. தெல்தோட்டைக்கு மேலேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இலேயே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் அதனை வளர்த்தெடுத்தனர். பயிர் மாறியது, பண்டம் தரமாயிருந்தது, பெயர் தானே மீண்டது.

இரண்டாவது கதை அவ்வாறு முடியவில்லை. 1973 இல் பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சி, தன் ‘வேர்ல்ட் இன் அக்‌ஷன்’ நிகழ்ச்சியில் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நிலையை அந்நாட்டு மக்களுக்குக் காட்டியது. தாம் அருந்தும் தேநீருக்குப் பின்னால் பசியும் நோயும் இருப்பதை அவர்கள் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். மறு ஆண்டு ‘வார் ஒன் வோன்ட்’ என்ற தொண்டு அமைப்பும் அறிக்கையொன்றை வெளியிட்டது. பிரித்தானியக் கம்பனிகளின் பெயர் நாறியது.

அதன்பின் மாற்றங்களுக்குக் குறைவில்லை. 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றது, உடைமையாளர் மாறினார். 1976 இல் தேயிலைச் சபை உருவாயிற்று. சிங்க இலச்சினை உலகெங்கும் தரத்தின் அடையாளமாயிற்று. 1992 இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. லூல்கந்துரை உட்பட இப்பகுதித் தோட்டங்கள் சில, மக்கள் ‘ஜனவசம’ என்றழைக்கும் அரச நிறுவனத்திடமே தங்கின.

இலச்சினையை நான் குறை கூறவில்லை. கோப்பையிலுள்ள தேயிலை எங்கு விளைந்தது என்பதற்கு அது நேர்மையான சாட்சி. ஆனால் 1973 இல் எழுந்த குற்றச்சாட்டு தேயிலையின் தரத்தைப் பற்றியதன்று. அதைப் பறித்தவரின் வாழ்வைப் பற்றியது. அதற்கான விடை லயத்தில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எழுதப்படவில்லை என்பதற்கு ஊழியர் சேமலாப நிதி ஒன்றே போதும். தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் பிடிக்கப்பட வேண்டும். தொழில் கொள்வோர் 12 வீதம் சேர்த்துச் செலுத்த வேண்டும். சட்டம் அவ்வாறிருக்க, அரச தோட்ட நிறுவனங்கள் இப்பணத்தைப் பல ஆண்டுகள் முறையாகச் செலுத்தாத விவகாரம் பாராளுமன்றம் வரை சென்றது. விளைச்சல் குறைந்தது, செலவு கூடியது என்று நிர்வாகங்கள் கூறும் காரணங்களில் உண்மை உண்டு. ஆயினும் அந்த 8 வீதம் நிறுவனத்தின் பணமன்று. முதுமைக்கென்று கொழுந்து பறித்தவளின் கூலியிலிருந்து எடுத்துவைக்க வேண்டிய பணம்.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். மறுப்பறிக்கை ஒரு நாள் செய்தியை அடக்கும். காரணம் இருக்கும்வரை செய்தி திரும்பத் திரும்ப வரும். 2017 இல் இலங்கைத் தேயிலையின் 150 ஆவது ஆண்டு பெருமையுடன் கொண்டாடப்பட்டது. 2023 இல் மலையக மக்கள் தம் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது கேட்டவை காணி, வீடு, நியாயமான கூலி, சம உரிமை. அரை நூற்றாண்டுக்கு முன் கெட்ட பெயரைத் தந்த காரணங்கள் இவைதாம்.

நற்பெயர் வாங்குபவரிடம் மட்டும் இருப்பதன்று; வேலை செய்பவரிடமும் இருக்க வேண்டும். தெல்தோட்டை மலையில் தேயிலையின் பெயரை மீட்க விரும்புவோர் முதலில் தொழிலாளரின் நிலுவைக் கணக்கைத் தீர்க்கட்டும்.