இலங்கை இனமுரண்பாட்டின் வரலாற்று வேர்கள்: நிறைவேறாத உடன்படிக்கைகளும் நிறைவேறிய ஒரு சட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையின் இனமுரண்பாடு ஈராயிரம் ஆண்டுப் பகைமையின் தொடர்ச்சி என்னும் கருத்து அரசியல் மேடைகளில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. இக்கட்டுரை அக்கருத்தை மறுத்து, முரண்பாட்டின் வேரைக் குடியேற்ற ஆட்சிக்காலப் பிரதிநிதித்துவ முறையில் காண்கிறது. தலைவர்களுக்கிடையே எழுதப்பட்ட உடன்படிக்கைகள் ஏன் தொடர்ந்து கைவிடப்பட்டன என்பதையும், மலையகத் தமிழரின் குடியுரிமைச் சிக்கல் மட்டும் 2003ஆம் ஆண்டில் ஏன் தீர்வு கண்டது என்பதையும் ஒப்புநோக்கி, அமைதிக்கான வழிகளை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: இனமுரண்பாடு, பிரதிநிதித்துவம், சோல்பரி அரசியலமைப்பு, பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை, குடியுரிமை, அதிகாரப் பகிர்வு.

முன்னுரை

எல்லாளனும் துட்டகைமுனுவும் பொருத போரை இன்றைய முரண்பாட்டின் தொடக்கமாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்போரைப் பாடும் மகாவம்சமே எல்லாளனின் நீதியையும், வென்ற மன்னன் அவனது நினைவிடத்திற்கு மரியாதை செய்வித்ததையும் பதிவு செய்துள்ளது என்பது பலராலும் மறக்கப்படுகிறது. கண்டி அரசின் இறுதிக்காலம் இதனினும் தெளிவான சான்று. 1739 முதல் 1815 வரை அங்கு ஆண்டவர்கள் தென்னிந்திய வழிவந்த நாயக்கர்கள். அவர்களுள் ஒருவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனே 1753ஆம் ஆண்டில் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதாச் சடங்கை மீண்டும் நிலைநிறுத்தியவர். முற்காலத்தில் போர்கள் இல்லாமல் இல்லை. ஆயின் அவை அரசுகளுக்கிடையே நிகழ்ந்தவை. மக்கட்தொகையைக் கணக்கிட்டு இனங்கள் மோதிய போர்களாக அவற்றைக் கொள்ள இயலாது. அத்தகைய கணக்கு பிற்காலத்தில் வந்தது.

ஆசனக் கணக்கின் தோற்றம்

கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்கள் 1833ஆம் ஆண்டில் தீவு முழுவதையும் ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொணர்ந்தன. அவற்றின் வழி அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அறுவருள் மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்குத் தலைக்கு ஓர் இடம். 1889இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடமளிக்கப்பட்டது. தொகையில் பெரிதும் வேறுபட்ட இனங்கள் சபையில் ஏறத்தாழச் சமமாக அமர்ந்த இந்நிலை, தமிழ் மேட்டுக்குடியினரிடையே தாமும் நாட்டின் இரு பெரும்பான்மையினருள் ஒருவர் என்னும் எண்ணத்தை வளர்த்தது. பின்னாளில் வாக்குரிமை விரிவடைந்தபோது அவர்கள் இழந்ததாக உணர்ந்தது இந்த நிலையையே.

இருப்பினும் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் இன எல்லையைக் கடந்த அரசியல் நிலவியது. படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஒரேயோர் ஆசனத்திற்கு 1911இல் நடைபெற்ற தேர்தலில் பொன்னம்பலம் இராமநாதன் சிங்கள வாக்காளரின் ஆதரவுடன் வென்றார். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் இராணுவச் சட்டத்தால் துன்புற்ற சிங்களவருக்காகவும் அவர் வாதாடினார். அக்கலவரத்தில் தாக்கப்பட்டோர் முஸ்லிம்கள். இராமநாதனின் வாதம் அவர்களுக்கு வேறுவகையாக ஒலித்தது. முஸ்லிம் அரசியல் தமிழர் தலைமையிலிருந்து விலகிச் சென்றதன் வேர்களுள் இதுவும் ஒன்று. தமிழ் வரலாற்றெழுத்து இதனைப் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே கடந்து செல்கிறது.

1919இல் உருவான இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்பதாக ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம ஆகியோர் 1918இல் கடிதவழி உறுதியளித்திருந்தனர். அவ்வுறுதி காப்பாற்றப்படாத நிலையில் 1921இல் அருணாசலம் காங்கிரசை விட்டு விலகினார். ஓர் ஆசனத்திற்காகத் தேசிய இயக்கம் பிளவுண்டது என இதனை எளிதில் இகழ்ந்துவிடலாம். எழுத்தில் தரப்பட்ட வாக்குறுதி ஒன்று பெரும்பான்மையின் வசதிக்காகக் கைவிடப்பட்ட முதல் நிகழ்வு இது என்பதிலேயே இதன் முதன்மை உள்ளது.

டொனமூர் அரசியலமைப்பு 1931இல் இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கி, இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வழங்கியது. இராமநாதன் இதனை எதிர்த்தார். அவ்வெதிர்ப்பில் இனம் பற்றிய அச்சத்தோடு சாதி, பால், சொத்து ஆகியன பற்றிய பழமைப் பார்வையும் கலந்திருந்தது என்பதை மறைத்தல் முறையன்று. மறுபுறம், யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அவ்வாண்டுத் தேர்தலைப் புறக்கணித்தது, புதிய அமைப்பு முழுத் தன்னாட்சி தரவில்லை என்பதற்காக. இனச்சலுகை கோரிய புறக்கணிப்பாக அதனைக் காட்டுவது பிழை. 1936இல் அமைச்சரவை முழுவதும் சிங்களவராலேயே அமைக்கப்பட்டபோது, பெரும்பான்மை என்பது நிலையான இனப் பெரும்பான்மையாக மாறக்கூடும் என்னும் அச்சம் கண்கூடாயிற்று.

கூட்டாட்சிக் கருத்து எங்கிருந்து எழுந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது. 1926இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தொடர் கட்டுரைகள் வாயிலாக இலங்கைக்குக் கூட்டாட்சி பொருந்தும் என வாதிட்டார். டொனமூர் ஆணைக்குழுவின்முன் கண்டித் தேசிய மாமன்றம் மூன்று அலகுகள் கொண்ட கூட்டாட்சியைக் கோரியது. அன்று தமிழ்த் தலைவர்கள் அதில் ஆர்வம் காட்டவில்லை. கால் நூற்றாண்டு கழித்துத் தமிழர் அதே கோரிக்கையை முன்வைத்தபோது அது பிரிவினை எனப் பெயர் பெற்றது.

இருபத்தொன்பதாம் பிரிவும் அதன் சோதனைகளும்

ஜி. ஜி. பொன்னம்பலம் முன்வைத்த ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையைச் சோல்பரி ஆணைக்குழு ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக இரு காப்புகள் அமைந்தன. ஒன்று தொகுதி எல்லை பற்றியது: 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு, ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனம் எனப் பரப்பளவிற்கும் மதிப்பளிக்கப்பட்டது. மற்றையது 29(2)ஆம் பிரிவு: ஓர் இனத்திற்கோ மதத்திற்கோ மட்டும் பாதகமோ சலுகையோ விளைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது என அது விதித்தது.

இக்காப்புகளின் வலிமை விரைவில் சோதனைக்குள்ளாயிற்று. 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மக்கள்தொகையில் இந்தியத் தமிழர் 11.7 விழுக்காட்டினர், இலங்கைத் தமிழர் 11.0 விழுக்காட்டினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமும், அவற்றைத் தொடர்ந்த தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலிருந்து அகற்றின. 1952இல் அவர்களின் பிரதிநிதியாக ஒருவரும் தேர்வாகவில்லை. தொகுதிகள் மக்கள்தொகையை அடியொற்றி வகுக்கப்பட்டமையால், வாக்கிழந்த தொழிலாளர் ஆசன எண்ணிக்கைக்கு மட்டும் கணக்கில் கொள்ளப்பட்டனர். அவ்வாசனங்களின் பயன் மலைநாட்டுச் சிங்கள வாக்காளரைச் சேர்ந்தது. சிறுபான்மையினரைக் காக்க வகுத்த விதி, சிறுபான்மையினர் ஒரு பகுதியினரின் உடல்களை எண்ணிப் பெரும்பான்மையின் ஆசனங்களைப் பெருக்கியது.

இரண்டாம் சட்டம் நிறைவேறியபோது பொன்னம்பலம் அமைச்சரவையில் இருந்தார். அதற்கு ஆதரவும் அளித்தார். அதனை ஏற்காது விலகிய எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது. அக்கட்சியின் பிறப்பு வடக்கின் நிலத்தைப் பற்றிய வினாவில் அன்றி, தோட்டத் தொழிலாளியின் வாக்கைப் பற்றிய வினாவில் நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. வாக்குரிமை இழப்பை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட கோடக்கன்பிள்ளை வழக்கு 1953இல் பிரித்தானியக் கோமறைக் கழகத்தில் தோல்வியுற்றது. குடியுரிமையை வரையறுப்பது அரசின் இயல்பான அதிகாரம். சட்டத்தின் சொற்களில் இனப்பெயர் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. இச்சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணா என்னும் வினா கோடீஸ்வரன் வழக்கில் எழுந்தது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு அமராத தமிழ் எழுதுவினைஞர் ஒருவரின் சம்பள உயர்வு 1962இல் நிறுத்தப்பட்டமையே வழக்கின் காரணம். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றமோ, அரச ஊழியர் சம்பளத்திற்காக முடியரசின்மீது வழக்குத் தொடுக்க இயலாது என்னும் காரணத்தால் 1967இல் அதனைத் தள்ளியது. 1969இல் கோமறைக் கழகம் இதனை மாற்றி, மொழிச் சட்டத்தின் செல்லுபடியை ஆராயுமாறு வழக்கைத் திருப்பியனுப்பியது. அவ்வாராய்ச்சி நிகழவே இல்லை. கோமறைக் கழகத்திற்கு மேன்முறையீடு செய்யும் உரிமை 1971இல் நீக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பு 29ஆம் பிரிவையே கைவிட்டது. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து நாடாளுமன்றில் உரத்து வாதிட்ட கொல்வின் ஆர். டி. சில்வாவே அவ்வரசியலமைப்பை முன்னின்று வரைந்த அமைச்சர். நாட்டின் மிக முக்கியமான அரசியலமைப்பு வினா, விடையின்றியே மறைந்தது.

இரு உடன்படிக்கைகள்

1957 சூலை 26இல் கையெழுத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை பிரதேச சபைகளை முன்மொழிந்தது. வட மாகாணம் ஒரு பிரதேசம். கிழக்கு இரண்டோ மேலோ. பிரதேசங்கள் மாகாண எல்லை கடந்தும் இணையலாம். வேளாண்மை, கல்வி, நலத்துறை ஆகியவற்றோடு காணி, குடியேற்றம் ஆகியனவும் சபைகளின் அதிகாரத்திற்குள் வந்தன. இணைப்பாட்சி கோரியவர்கள் அதனினும் குறைந்ததை ஏற்றனர். அக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்தன இதனை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் தொடங்கினார். வாகனங்களில் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் பொறிப்பது பற்றிய பிணக்கு இடையில் மூண்டது. 1958 ஏப்ரல் 9இல் பிக்குகள் தம் இல்லத்தின்முன் அமர்ந்து மறியல் செய்ததைத் தொடர்ந்து பண்டாரநாயக்க உடன்படிக்கையைக் கைவிட்டார். மே மாதத்தில் கலவரம் வெடித்தது. மறு ஆண்டு அவரே ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கு இரையானார்.

1965 மார்ச் 24இல் டட்லி சேனநாயக்கவுடன் செய்யப்பட்ட உடன்படிக்கை மாவட்ட சபைகள் அளவிற்குச் சுருங்கியது. அப்போது அது மக்கள்முன் வைக்கப்படவும் இல்லை. 1966 சனவரி 8இல் தமிழ்மொழிப் பயன்பாட்டு ஒழுங்குவிதிகள் வந்தபோது அவற்றை எதிர்த்துத் தெருவிலிறங்கியவர்கள், 1957இல் உடன்படிக்கை செய்த அதே சுதந்திரக் கட்சியினரும், அவர்களோடு இணைந்த இடதுசாரிகளும் ஆவர். மாவட்ட சபை மசோதா 1968இல் கைவிடப்பட்டது.

இவ்விரு தோல்விகளையும் தலைவர்களின் மனவுறுதிக் குறைவால் மட்டும் விளக்குவது போதாது. இரு பெருங்கட்சிகளும் ஒரே சிங்கள வாக்காளர் திரளை நோக்கிப் போட்டியிட்டன. ஆளும் கட்சி விட்டுக்கொடுப்பதை எதிர்க்கட்சி நாட்டை விற்றதாகக் காட்டி வாக்குப் பெற முடிந்தது. உடன்படிக்கைகளோ சட்டமாகாதவை, இருவரின் கையொப்பத்திற்கு அப்பால் உரிமையாளர் அற்றவை. 2000 ஆகஸ்டில் பண்டாரநாயக்கவின் மகள் சந்திரிகா குமாரதுங்க அரசியலமைப்பு வரைவை நாடாளுமன்றில் முன்வைத்தபோது, ஐக்கிய தேசியக் கட்சியினர் அதன் பிரதிகளை அவையிலேயே எரித்தனர்.

இதன் பின்விளைவுகள் அறியப்பட்டவை: 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலக எரிப்பு, 1983 சூலைப் படுகொலைகள், 2009 மே வரை நீண்ட போர். ஆயுத இயக்கங்களின் ஆதிக்கம் வளர்ந்தபின் தமிழர் தரப்பிலும் விட்டுக்கொடுத்தல் துரோகமாயிற்று. உடன்படிக்கைக்கு முன்வந்த தமிழ்த் தலைவர்கள் தமிழர் கைகளாலேயே மாண்டனர். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப்புலிகள் வெளியேற்றியமை, பெரும்பான்மையின் தருக்கம் சிறுபான்மையிடமும் குடிகொள்ளக்கூடும் என்பதற்குச் சான்று.

நிறைவேறிய சட்டம்

1964 அக்டோபர் 30இன் சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டோரின் விருப்பம் கேட்கப்படவில்லை. எனினும் 2003 அக்டோபரில் நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய 35ஆம் இலக்கச் சட்டம், அவ்வொப்பந்த நாள் முதல் நாட்டில் நிலையாக வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் ஒரு பிரகடனத்தின் வழியே குடியுரிமை வழங்கியது. தொடர்ந்த குறுகிய கால இயக்கத்தில் ஏறத்தாழ 190,000 பேர் குடியுரிமை பெற்றனர்.

1948இல் இயலாதது 2003இல் எவ்வாறு இயன்றது? புலம்பெயர்வால் தொகை குறைந்து, அவர்களின் வாக்கு அச்சமூட்டாத அளவிற்குச் சிறுத்தமை ஒரு காரணம். இது மகிழ்வுக்குரிய காரணமன்று. மற்றொன்று, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் இரு பெருங்கட்சிகளுக்கும் இன்றியமையாத பங்காளியாக இருந்தமை. இதனால் எதிர்க்கட்சிக்கு எதிர்ப்பதால் பயனில்லாது போயிற்று. மேலும் தீர்வு இரு தலைவரின் எழுத்தாக நில்லாது, விண்ணப்பதாரரே நேரடியாகப் பயன்படுத்தத்தக்க சட்டமாக வந்தது. பழைய சட்டம் ஆவணச் சுமையைத் தொழிலாளிமீது ஏற்றியது. புதியது அதனை இறக்கியது.

அதிகாரப் பகிர்விற்கு இப்பாடம் முழுமையாகப் பொருந்தாது. குடியுரிமைக்கு நிலம் தேவையில்லை. அதிகாரப் பகிர்விற்கு வேண்டும். 1987 சூலை 29இன் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்பின் வந்த பதின்மூன்றாம் திருத்தம், முந்தைய உடன்படிக்கைகள் போலன்றி அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது; ஆகவேதான் இன்றும் உள்ளது. காணி, காவல் அதிகாரங்கள் ஏட்டளவில் நின்றன. வடக்கு–கிழக்கு இணைப்பை 2006இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. வடக்கில் 2013இல்தான் முதல் மாகாணசபை தேர்வாயிற்று.

அச்சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. கிழக்கின் சபை அதற்கு ஓராண்டு முன்னரே முடிந்திருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் கலப்புத் தேர்தல் முறையைப் புகுத்தித் தொகுதி எல்லை நிர்ணயத்தைக் கட்டாயமாக்கியது. அந்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஓர் ஆதரவு வாக்குமின்றி நிராகரித்தது. அதன்பின் இரு மாகாணங்களிலும் நிருவாகம் கொழும்பு நியமித்த ஆளுநர்களிடம் சென்றது.