எல்.இ.டி. டவுன்லைட்

உட்கூரையில் துளையிட்டுப் பதித்து, ஒளியைக் கீழ்நோக்கிப் பாய்ச்சும் விளக்கு டவுன்லைட். எல்.இ.டி.யில் வெள்ளை ஒளி சாத்தியமானது நீல ஒளி தரும் டயோடால்தான். அதைத் திறனுள்ளதாக உருவாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். நீல ஒளியின் ஒரு பகுதியைப் பாஸ்பர் பூச்சு மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது.

வாட் மின்செலவைச் சொல்லும். வெளிச்சத்தைச் சொல்வது லூமென். நல்ல விளக்கு வாட்டுக்கு 80 முதல் 110 லூமென் தரும். பத்துக்குப் பத்து அடி படுக்கையறைக்கு 6 வாட் விளக்குகள் நான்கு தாராளம். நடுவில் ஒரே பெரிய விளக்கைவிட இதுவே மேல். மூலைகள் இருண்டு கிடக்காது. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: ஓய்வெடுக்கும் அறைக்கு 3,000 கெல்வின், சமையலறைக்கு 4,000 பொருந்தும். 6,500 கெல்வினின் நீலம் கலந்த வெண்மை இரவில் கண்ணை உறுத்தும். நிறங்காட்டும் குறியீடு 80க்குக் குறையக் கூடாது. பட்டுப்புடவையின் அரக்கும் மெரூனும் பிரிந்து தெரிய 90 வேண்டும்.

நம் வீடுகளில் அதிகம் கோட்டைவிடுவது மின்விசிறி விஷயத்தில். இறக்கைக்கு நேர் மேலே விளக்கு வந்துவிட்டால், விசிறி சுற்றும்போதெல்லாம் அறை முழுக்க நிழல் வெட்டி வெட்டித் துடிக்கும், படிக்கவே முடியாது. 1,200 மி.மீ. விசிறியின் இறக்கை நுனி மையத்திலிருந்து 600 மி.மீ. வரை சுழலும். விளக்கை அந்த வட்டத்துக்கு நன்றாக வெளியே தள்ளி, அகன்று பரவாத கற்றையுள்ளதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே விளக்கின் இடம் ஜிப்சம் பலகை ஏறுவதற்கு முன்பே, விசிறிக் கொக்கியையும் பலகையைத் தாங்கும் ஜி.ஐ. சேனல்களையும் பார்த்து முடிவாக வேண்டும்.

துளையைப் பெட்டியில் அச்சிட்ட கட்அவுட் அளவுக்கே போட வேண்டும், விளக்கின் வெளிவிட்டத்துக்கு அல்ல. பெரிதாகிவிட்ட துளையில் ஸ்பிரிங் கிளிப் பிடிக்காது. விளிம்பு மறைப்பதும் சில மில்லிமீட்டர்தான். மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே வயரைத் தொட வேண்டும். சுவிட்ச் பேஸ் வயரில் இருக்கட்டும். நியூட்ரலில் இருந்தால் அணைத்த பின்னும் விளக்கு மங்கலாக மினுங்கக்கூடும், மின்சாரமும் விளக்கிலேயே நிற்கும்.

பெரும்பாலும் முதலில் பழுதாவது எல்.இ.டி. அல்ல, அதற்கு மின்சாரம் தரும் டிரைவர். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், கோடையில் உட்கூரை இடைவெளி அடுப்பாகக் காயும். டிரைவரிலுள்ள கெப்பாசிட்டர் அந்தச் சூட்டில் சீக்கிரம் கெடும். அங்கே டிரைவர் தனியாக இருக்கும் விளக்கை வாங்கினால், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.