சுஜாதாவின் அறிவியல் புனைகதையும் தமிழ் உரைநடையும்

தமிழ் உரைநடை வரலாற்றை எழுதியோர் அறிவியல் புனைகதைக்கு ஒதுக்கிய இடம் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பளவே. சுஜாதாவைப் பற்றிப் பேச நேரும்போதும் 'வெகுசன எழுத்தாளர்' என்னும் பகுப்பில் அவரை அமர்த்திவிட்டு நகர்ந்துவிடுவதே வழக்கமாயிற்று. துப்பறியும் கதை, வரலாற்றுப் புதினம், நாடகம், சிறுகதை, அறிவியல் கட்டுரை, சங்கப் பாடல்களுக்கு எளிய அறிமுகம், திரைப்பட உரையாடல் எனப் பல துறைகளில் நாற்பதாண்டுகளுக்கு மேல் இயங்கிய ஒருவரை ஒரே சொல்லில் அடக்குவது வகுப்பறைக்கு வசதி, வரலாற்றுக்கு நியாயமாகாது. இப்பன்முகத் தன்மைக்கு வேர் அவருடைய அறிவியல் புனைகதையில் இருக்கிறது என்பதும், தமிழ் உரைநடை தன் புதிய வலிமையைச் சோதித்துப் பார்த்துக்கொண்ட களங்களுள் அது முதன்மையானது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

வியப்புக் கதை தமிழுக்குப் புதிதன்று. பாரதியார் 'ஞானரத'த்தில் ஏறி உலகங்கள் பலவற்றைக் கண்டு திரும்பினார். அது 1910இல் நூலாயிற்று. புதுமைப்பித்தன் கடவுளையே சென்னைத் தெருவில் இறக்கிக் கந்தசாமிப் பிள்ளையோடு பேச வைத்தார். ஆயினும் இயந்திரமும் மின்னணுவும் வீட்டுக்குள் நுழைந்தபின் மனிதருக்கு என்ன நேரும் என்று கேட்கும் கதை வேறு வகையினது. அதனை எழுத, இயந்திரத்தைக் கையால் தொட்டுப் பழகிய ஒருவர் தேவைப்பட்டார்.

ரங்கராஜன் 1935இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றார். விமானப் போக்குவரத்துத் துறையில் சில காலம் பணியாற்றியபின், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். இந்தியத் தேர்தல்களில் இன்று பயன்படும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை அந்நிறுவனம் உருவாக்கியபோது அப்பணியில் அவருக்குப் பங்கிருந்தது. குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் என்னும் பெயர் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தமையால் தம் மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். தமிழில் ஆணொருவர் பெண் பெயரில் எழுதியது முதன்முறையன்று. எனினும் இத்தனை புகழை வேறெந்தப் பெண் பெயரும் ஓர் ஆணுக்கு ஈட்டித் தரவில்லை எனலாம்.

அவர் எழுதிய காலத்தின் அறிவியல் சூழலை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. நாட்றம்பள்ளியிலிருந்து வாணியம்பாடி, ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலையேறினால் காவலூர் வானாய்வகம். அங்கு 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடுக்கு வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறி அவ்வாண்டிலேயே அங்கிருந்து கண்டறியப்பட்டது. யுரேனசைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்னும் செய்திக்கு 1977இல் காவலூரின் பதிவும் சான்றாயிற்று. 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி தொடக்கம் பெற்றது. அந்த எண்பதுகளில்தான் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. மலைமேல் வான் நோக்கிக் கண் திறந்த அதே காலத்தில் மலையடிவாரத்துத் தேநீர்க்கடைகளில் இயந்திர நாயொன்றின் கதையும் படிக்கப்பட்டது.

இங்கே மொழிச் சிக்கல் ஒன்று எழுகிறது. இல்லாத உலகைச் சொல்ல எந்தத் தமிழ்? எல்லாவற்றுக்கும் தனித்தமிழ்ச் சொல் ஆக்கினால் கதை கலைச்சொல் அகராதியாகிவிடும். எல்லாவற்றையும் கடன் வாங்கினால் தமிழ் வினைமுற்றளவில் சுருங்கிவிடும். சுஜாதா கண்ட வழி, நம் பகுதித் தோல் தொழிலாளர் கண்ட வழியே. ஆவாரம்பட்டைக் காலத்துச் சொல்லும் 'வெட் புளூ' என்னும் குரோம் காலத்துச் சொல்லும் ஆம்பூரில் ஒரே வாக்கியத்தில் சண்டையின்றி வாழ்கின்றன. வேலைக்கு எது பொருந்துமோ அது நிற்கும். 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' என்னும் அவருடைய நூல் தலைப்பைப் பாருங்கள். சிலிக்கன் வந்த சொல், சில்லு நம் சிறுவர் விளையாட்டின் சொல், புரட்சி மேடையின் சொல். மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஒருவன் படியிறங்குவதைச் சொல்ல 'இறங்கினான்' என்னும் சொல்லின் எழுத்துகளையே படிப்படியாகக் கீழிறக்கி அச்சிட்ட அவருடைய குறும்பும் இத்தன்மையதே. மொழியை ஒரு கருவியாகக் கழற்றிப் பார்த்து மாட்டத் தெரிந்தவரின் செயல் அது.

இந்தக் கை பழகிய இடம் அறிவியல் புனைகதை. பயன் பெற்றவை மற்றத் துறைகள். 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில் எதிர்காலத்திலிருந்து வரும் ஒருவர் ஓய்வுபெற்ற சீனிவாசனின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறார். வீட்டார் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதென எண்ணுகின்றனர். காலப்பயணம் என்னும் மேனாட்டுக் கருத்து, பணி ஓய்வுபெற்ற ஒருவருக்கு வீட்டில் மதிப்புக் குறையும் நடுத்தரக் குடும்பத் துயரமாக இங்கே வடிவெடுக்கிறது. பூர்ணம் விஸ்வநாதன் குழுவினர் அதனை மேடையேற்றினர். சிரித்தவர்களுள் அத்துயரத்தை உணர்ந்தவர் எத்தனை பேரோ. 'கொலையுதிர் கால'த்தில் கணேஷும் வசந்தும் பேயைத் துரத்துகின்றனர். ஒளிப்படிமத் தொழில்நுட்பம் பேய்க்கு மாற்று விளக்கமாக வந்து நிற்கிறது. இரண்டில் எதுவென முற்ற முடியத் தீர்க்காமல் விட்டதில் அறிவியலாளரைக் காட்டிலும் கதைஞரே வென்றார். 'திமலா' என்னும் சிறுகதையில் திருமலையின் பெயர் எதிர்காலத்தில் தேய்ந்துபோகிறது. ஊர்ப்பெயர் மரூஉவாவதை இலக்கணத்தில் படித்த நமக்கு அக்கதை கூடுதலாகச் சுவைக்கும்.

வரலாற்றுப் புதினத்திலும் இதே மனப்பாங்கு தொடர்ந்தது. 1857 எழுச்சியைப் பின்னணியாகக் கொண்டு குமுதத்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்று தொடங்கிய தொடர் எதிர்ப்பினால் நின்றது. பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என மறுவடிவம் பெற்றது. 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை' சோழர் காலத்தை அலங்காரமின்றிச் சொன்னது. திரைப்பட உரையாடல்களைப் பற்றி இங்கு விரிக்கவில்லை. அவற்றை அறியாதார் இலர்.

நம் வட்டத்துக் கவிஞர்கள் சுஜாதாவை நினைவுகொள்ள வேறு காரணம் உண்டு. 1965இல் டில்லியில் தொடங்கிய கணையாழியில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்னும் பெயரில் அவர் எழுதிய கடைசிப் பக்கம் கவிதை வாசகர்க்கு ஒரு நாற்றங்கால். மனுஷ்ய புத்திரனின் 'கால்களின் ஆல்பம்', நா. முத்துக்குமாரின் 'தூர்' ஆகிய கவிதைகளைப் பலரும் அறியச் செய்ததில் அவர் பங்கு பெரிது. ஹைக்கூவை 1991இல் தனி நூலாக எழுதி அறிமுகப்படுத்தினார். ஆயின் இதில் ஒரு முன்வரலாறு நமக்கு மிக அண்மையில் உள்ளது. பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை குறித்து எழுதினார். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் தமிழ் பயிற்றிய கவிக்கோ அப்துல் ரகுமான், 1974இல் வெளிவந்த 'பால்வீதி'யில் இவ்வடிவத்தைக் கையாண்டார். விண்மீன் கூட்டத்தின் பெயரைக் கவிதை நூலுக்கு இட்டவர் காவலூர் மலையின் அடிவாரத்தில் வாழ்ந்தார் என்பது தற்செயலாகவே இருக்கட்டும். சுஜாதா ஹைக்கூவில் வலியுறுத்தியது, கவிஞர் கருத்துரைக்காது காட்சியோடு ஒதுங்கிவிட வேண்டுமென்பதே. சோதனையின் முடிவை மட்டும் பதிந்துவிட்டு விலகும் ஆய்வகப் பழக்கம் கவிதைக்குள் வந்த வழி இது. மூன்றடியில் ஒரு நீதியைத் திணித்து ஹைக்கூ எனப் பெயரிடுவோர் இன்றும் நம்மிடையே உளர், யாரையும் சுட்டவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினை இங்கு ஒப்பிடத் தோன்றுகிறது. 1929 முதல் 2018 வரை வாழ்ந்த அவரும் அறிவியல் புனைகதை, மாயக்கதை, கவிதை, கட்டுரை எனப் பல துறைகளில் எழுதினார். சுஜாதா புறநானூற்றையும் குறுந்தொகையையும் எளிய தமிழில் தந்ததுபோல், அவர் சீனத்துத் தாவோ தே சிங்கை 1997இல் ஆங்கிலத்தில் தந்தார். வகைமை நோக்கி ஒதுக்கப்படும் குறையை இருவருமே பட்டனர். 2014இல் அமெரிக்கத் தேசிய நூல் அறக்கட்டளை வாழ்நாள் பங்களிப்புக்கான பதக்கம் வழங்கியபோது, நெடுங்காலம் புறந்தள்ளப்பட்ட தம் சக புனைகதையாளரோடு அதனைப் பகிர்ந்துகொள்வதாக லெ குவின் மேடையிலேயே கூறினார். சுஜாதாவுக்கு அறிவியலைப் பரப்பியமைக்காக நடுவணரசின் தேசிய விருது 1993இல் கிட்டியது; சாகித்திய அகாதெமி விருது 2008இல் அவர் மறையும்வரை கிட்டவில்லை. அறிவியல் அவரைத் தன்னவர் என்றது, இலக்கியம் தயங்கிற்று.

ஒப்பீட்டில் சுஜாதா பின்தங்கும் இடத்தையும் மறைப்பதற்கில்லை. லெ குவின் 1969இலேயே, ஆண் பெண் என்னும் நிலையான பிரிவு அற்ற மாந்தரைப் படைத்து, இன்றைய சமூகம் இப்படித்தான் இருந்தாக வேண்டுமா என்று கேட்டார். சுஜாதாவின் எதிர்காலத்தில் ஊர்திகள் மாறின, பெயர்கள் இரண்டெழுத்தாகச் சுருங்கின, குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டியதாயிற்று. பெண்ணைப் பார்க்கும் கண் மட்டும் வார இதழ்க் கண்ணாகவே நின்றது. 'என் இனிய இயந்திரா'வின் நிலா, காணாமற்போன கணவனைத் தேடிப் புறப்பட்டு நாட்டின் அரியணை வரை செல்கிறாள். ஆயினும் அவளை அங்கே அமர்த்துவோரும் ஆட்டுவிப்போரும் ஆடவர். நூல்களைப் படித்துத் தானே சிந்திக்கக் கற்றுக்கொள்வது ஜீனோ என்னும் இயந்திர நாய். பொம்மைக்கு அறிவு வளர்கிறது, பெண் பொம்மையாகிறாள். ஆசிரியர் இம்முரணை அறிந்தே எழுதினாரா என்பதற்கு இரு பக்கமும் வாதிடப் பிரதியில் இடமுண்டு. 'மீண்டும் ஜீனோ'வையும் சேர்த்துப் படித்தால் அறிந்தே எழுதினார் என்னும் பக்கம் சற்றுக் கனக்கிறது என்பது என் எண்ணம்.

முதுகலை வகுப்பில் இவ்விரு நூல்களையும் படிக்கத் தருவதுண்டு. மாணவியர் பெரும்பாலும் ஜீனோவையே விரும்புகின்றனர். நிலாவைப் பற்றிக் கேட்டால் 'பாவம், மேடம்' என்கின்றனர். அந்தப் 'பாவ'த்தை ஆராய்ந்து ஆய்வேடு எழுத அவர்களுள் ஒருத்தி இப்போது முன்வந்திருக்கிறாள்.