நொய்யற்கரை மட்கலங்களும் அவற்றைத் தொகுத்தோரும்

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல், காவிரியொடு கலக்குமுன் பேரூர், வெள்ளலூர், மங்கலம், திருப்பூர் ஆகிய ஊர்களை அடுத்துச் செல்கின்றது. பேரூர்ப் புராணம் இதனைக் காஞ்சிமாநதி என்னும். இன்று விசைத்தறியும் பின்னலாடையும் மிக்க இவ்வாற்றங்கரை, ஈராயிரம் ஆண்டுகட்கு முன் மேலைக் கடற்கரையையும் கீழைக் கடற்கரையையும் இணைத்த பெருவழியின் ஒரு கூறாக விளங்கிற்று. வெள்ளலூரில் 1842 முதலாகப் பன்முறை வெளிப்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் இதற்குச் சான்று. காசுகளைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். யாம் ஈண்டு ஆராயப் புகுவது காசன்று, ஓடு.

பழைய மட்கலங்களைக் கலைப்பொருளாகக் கருதித் தொகுக்கும் வழக்கம் நம் நாட்டில் வெள்ளையர் ஆட்சியில் தோன்றியது. தென்னாட்டில் அதற்கு முதலில் இலக்கானவை நீலகிரிக் கற்குவைகளுள் இருந்த தாழிகளும் சாடிகளுமாம். அவற்றின் மூடிகள்மேல் எருமை, மான், யானை, குதிரை வீரன் முதலிய உருவங்கள் கையாற் பிடித்து ஒட்டப்பட்டிருக்கும். காண்போர் உள்ளத்தைக் கவரும் இவ்வுருவங்களே அக்குவைகட்கு வினையாயின எனலாம். நீலகிரியின் முதல் ஆணையராய் இருந்து 1872-இல் மறைந்த ப்ரீக்சு என்பார் தோண்டிப் பெற்றவற்றின் விளக்கம் 1873-இல் நூலாக வெளிவந்தது. அவர் குழியையும் பொருளையும் ஓரளவேனும் சேர்த்துக் குறித்தவர். பிறர் பலரோ அதுவும் செய்திலர். உருவமுள்ள மூடியை எடுத்துக்கொண்டு, உருவமில்லாக் கலத்தையும் உடைந்த ஓட்டையும் மண்ணொடு தள்ளினர். இன்று சென்னை அருங்காட்சியகத்திலும் இலண்டன் மாநகரத்துப் பிரித்தானிய அருங்காட்சியகத்திலும் இம்மூடிகளைக் காணலாம். அழகு எஞ்சியது, எந்த மூடி எந்தச் சாடிக்குரியது என்பது பலவற்றிற்கு எஞ்சவில்லை.

நொய்யற்கரைக் கலங்கள் இத்தகைய தொகுப்பாளர் கண்ணிற் பெரிதும் படாமல் தப்பின. காரணம் எளிது: அவற்றுட் பெரும்பாலன உடைந்த ஓடுகள். ஆயினும் வனப்பில் அவை தாழ்ந்தனவல்ல. இப்பகுதிக்குச் சிறப்பாக உரிய கலவகையை அறிஞர் 'செம்பழுப்புப் பூச்சு வண்ணக்கலம்' என்பர். வேட்கோவர் கலத்தின்மேல் வெண்களியாலோ சுண்ணத்தாலோ முதலில் கோடுகளை வரைந்து, அக்கோடுகளின்மேல் காவிப் பூச்சிட்டுப் பின்னர்ச் சூளையில் வைத்தனர். ஆகவே ஓவியம் பூச்சின் மேலன்று, கீழே உள்ளது. காவியினூடே வெளிறித் தோன்றும். நேர்கோடும் வளைகோடும் புள்ளியும் அன்றி வேறு உருவம் அரிது. மேலே வரைந்த கோடு புழக்கத்தில் தேய்ந்தழியும். கீழ் வரைந்ததோ பூச்சுள்ளவரை நிற்கும். இதுவே அம்முறைக்குக் காரணம் என்பது எம் கருத்து.

இக்கலத்தின் பெயர் வரலாறும் நோக்கத்தக்கது. மார்ட்டிமர் வீலர் 1947-இல் கன்னட நாட்டுப் பிரமகிரியில் அகழ்ந்தபோது இது கிடைத்த அடுக்கை 'ஆந்திரப் பண்பாடு' என்றார்; அதுபற்றி இதற்கும் 'ஆந்திரக் கலம்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. பின்னர்ப் பேரூர், கரூர், கொடுமணல் ஆகிய இடங்களில் மிகுதியாகக் கிடைக்கவே, சாதவாகனர் ஆட்சியொடு இதனைப் பிணைப்பது பொருந்தாதென்பது தெளிவாயிற்று. அரச மரபின் பெயரை ஓட்டிற்கு இடுவது எப்பொழுதும் இடருடைத்து.

கொடுமணல் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இது மங்கலத்திற்குக் கீழ்த்திசையில் நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. பதிற்றுப்பத்தின் 67, 74 ஆம் பாடல்களில் கபிலரும் அரிசில் கிழாரும் கூறும் கொடுமணம் இதுவே என்பர். தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் எ. சுப்பராயலு தலைமையில் 1985 முதலும், புதுவைப் பல்கலைக்கழகத்தார் கா. இராசன் தலைமையில் 2012, 2013 ஆம் ஆண்டுகளிலும் இங்கு அகழ்ந்தனர். மணி செய்யும் பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் மட்டும் ஐந்நூற்றுக்கு மேற்பட்டன. ஆதன், அந்தவன் போன்ற ஆட்பெயர்கள் அவற்றுள் உள. வணிகர் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்னும் சொல்லும் உண்டு.

இவ்வோடுகளுட் பல, கலைப்பொருள் தேடும் ஒருவர் திரும்பியும் பாரா. வண்ணமில்லை, உருவமில்லை, தோளருகே கீறிய நான்கைந்து எழுத்துகளே உள. நீலகிரித் தொகுப்பாளர் போன்ற ஒருவர் ஒரு நூற்றாண்டு முன்னர் இங்கு வந்து, முழுக்கலங்களையும் வண்ண ஓடுகளையும் பொறுக்கிச் சென்றிருப்பின், சங்ககாலத்து எழுத்தறிவு பற்றி நாம் இன்று கூறுவன பலவற்றைக் கூறியிரோம்.

அரிக்கமேட்டுச் செய்தி இதனை வேறொரு வகையில் விளக்கும். அங்குக் கிடைத்த செந்நிற மெருகுடைய அரெட்டைன் ஓடுகள் இத்தாலியில் அரெசோ நகர்த் தொழிலைச் சார்ந்தன. கமூரி முதலிய குயவர் முத்திரைகள் அவற்றில் உள. கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி எனக் காலம் அறியப்பெற்ற இவ்வகை ஓடுகளைக் கொண்டே வீலர் 1945-இல் தம் அகழாய்வின் கால அடைவை அமைத்தார். உடன் கிடைத்த உருள்வரிக் கலத்தையும் மேலைநாட்டுத் தொடர்புடையதென்றே கருதினார். அக்கலம் இந்தியக் களிமண்ணால் ஆனதென்பது பின்வந்த கனிம ஆய்வுகளால் புலனாயிற்று. 1989 முதல் 1992 வரை அங்கு மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி அதன் தோற்றத்தைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவிற்கு முன்னே கொண்டு சென்றார். வீலர் முடிவு திருந்தியது. ஆயினும் ஒவ்வோர் ஓடும் எவ்வடுக்கிற் கிடைத்ததென அவர் எழுதிவைத்தமையாலன்றோ அதனைத் திருத்த இயன்றது! நீலகிரி மூடிகட்கு அவ்வாறு மறுவிசாரணை செய்ய இடமில்லை.

1878 ஆம் ஆண்டுப் புதையற் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதைபொருளைக் கண்டெடுத்தோர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என்கின்றது. நூறாண்டிற்குக் குறையாத தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புதலை 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் தடுக்கின்றது. ஆனால் உழவின்போது மேலெழும் ஓட்டிற்கு விலையென்ன என்று எவர் மதிப்பிடுவர்? கொங்கு நாட்டில் ஊர்ப்பள்ளி ஆசிரியரும் மாணவரும் வயலிற் பொறுக்கிய ஓடுகளை வீட்டிற் சேர்த்து வைத்திருத்தலை யாம் கண்டுள்ளோம். அவருட் சிலர் ஓட்டின் உட்புறத்தே வயலின் பெயரையும் நாளையும் மையால் எழுதியிருந்தனர். வேறு சிலரோ வண்ணம் நன்கு தெரிவனவற்றை மட்டும் கழுவிக் கண்ணாடிப் பேழையுள் அடுக்கியிருந்தனர். ஆய்வுக்கென யாம் இரவல் கேட்டவை முன்னவர் ஓடுகளே.