ஒரே படத்தில் இரண்டு சூரியன்கள்

மெரினாவில் விடியற்காலையில் எடுத்த படம் ஒன்றை வகுப்புத் தோழன் அனுப்பியிருந்தான். இடது மேல் மூலையில் சூரியன். வலது கீழ்ப்பக்கம், அலைகளுக்கு நடுவே, பச்சை கலந்த இன்னொரு குட்டிச் சூரியன்! "டேய், இது என்னடா?" என்று கேட்டிருந்தான். சிரித்துவிட்டு விட்டுவிடலாம்தான். ஆனால் 2012-ல் உலகம் அழியப் போகிறது என்ற வதந்தி பரவியபோது, இதே மாதிரிப் படங்களைத்தான் 'நிபிரு' என்ற கற்பனைக் கோளுக்குச் சாட்சியாகக் காட்டினார்கள். நாசா விஞ்ஞானி டேவிட் மாரிசனுக்குப் பயந்துபோய்க் கடிதம் எழுதியவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு.

கேமரா வருவதற்கு முன்பே மனிதர்கள் பல சூரியன்களைக் கண்டு மிரண்டிருக்கிறார்கள். 1535 ஏப்ரல் 20 அன்று காலை, சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகர வானத்தில் வெள்ளை வளையங்களும், அவற்றின் மேல் கூடுதல் சூரியன்களும் தெரிந்தன. மதச் சீர்திருத்தவாதியான ஓலாஸ் பெட்ரி அதை ஓவியமாக வரையச் செய்தார். இது கடவுளின் எச்சரிக்கை என்று பேச்சு எழுந்தது. எச்சரிக்கை யாருக்கு? மன்னர் குஸ்தாவ் வாசாவுக்கும் பெட்ரிக்கும் உறவு கசந்துகொண்டிருந்த காலம் அது. 1540-ல் பெட்ரிக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டது. (முக்கியக் குற்றச்சாட்டு வேறு, ஓவியத்தால் மட்டும் அல்ல. பிறகு அபராதம் கட்டித் தப்பினார்.) மூல ஓவியம் இன்று இல்லை. 1636-ல் எடுத்த நகல்தான் ஸ்டாக்ஹோம் பெரிய தேவாலயத்தில் இருக்கிறது.

அந்தச் சூரியன்கள் காற்றில் மிதக்கும் பனிப்படிகங்களின் வேலை. அறுகோணத் தகடு போன்ற படிகத்தின் ஒரு பக்கவாட்டில் நுழையும் ஒளி, இன்னொரு பக்கம் வழியாக ஏறத்தாழ 22 பாகை வளைந்து வெளியேறும். அதனால் சூரியனுக்கு இருபுறமும், அதே உயரத்தில், பொய்ச்சூரியன்கள் தெரியும். 17-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் மரியோட் இந்த 22 பாகைக்குக் காரணம் சொல்லிவிட்டார். இதைக் கண்ணாலும் பார்க்கலாம், படமும் எடுக்கலாம்.

தோழனின் படத்தில் இருப்பது வேறு. அது வானத்தில் இல்லவே இல்லை, லென்சுக்குள் பிறந்தது.

பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அந்த ஒளி இன்னொரு பரப்பில் பட்டு மறுபடி திரும்பினால், படத்தில் ஒரு பொய்ப் பிம்பம் விழும். 4-ல் 4 சதவீதம் என்றால் 0.16 சதவீதம். விளக்கு என்றால் பெரும்பாலும் தெரியாது, சூரியனாயிற்றே! 1893-ல் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் வடிவமைத்த புகழ்பெற்ற 'குக் ட்ரிப்லெட்' லென்சில் 3 கண்ணாடிகள், 6 பரப்புகள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15 ஜோடிகள், அதாவது 15 பொய்ச்சூரியன்களுக்கு வாய்ப்பு. 20 பரப்புகள் உள்ள ஜூம் லென்சுக்கு 190!

இதே டெய்லர்தான் ஒரு விசித்திரத்தையும் கவனித்தார். பழசாகி நிறம் மங்கிய லென்ஸ், புதியதைவிட அதிக ஒளியை உள்ளே விட்டது. மேலே படிந்த மெல்லிய படலம் பிரதிபலிப்பைக் குறைத்திருந்தது. (நாமாக இருந்தால் துடைத்துப் பளபளப்பாக்கியிருப்போம்.) 1935-ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா அத்தகைய படலத்தை வேண்டுமென்றே பூசும் முறையைக் கண்டுபிடித்தார். அது சில ஆண்டுகள் ராணுவ ரகசியமாகவே இருந்தது. இன்றைய செல்போன் லென்சிலும் பூச்சு உண்டு. ஆனாலும் சூரியனை நேராகப் பிடித்தால் மிச்சமிருக்கும் பிரதிபலிப்பே போதும்.

எந்தப் பொய்ச்சூரியன் எது என்று கண்டுபிடிப்பது எளிது. செல்போனைச் சற்று அசையுங்கள். லென்சில் பிறந்தது திரையில் ஓடும், பனிப்படிகச் சூரியன் வானத்தில் அதன் இடத்திலேயே நிற்கும். உள்ளங்கை நிழல் லென்ஸ் மேல் விழும்படி மறைத்தால் முதலாவது காணாமல் போகும். எடுத்து முடித்த படம் என்றால், சூரியனிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள். தோழனின் பச்சைச் சூரியன் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று செல்போனில் எடுத்த படம் உங்களிடம் இருக்கிறதா? திறந்து பாருங்கள். அசல் சூரியன் வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கலாம். பொய்ச்சூரியன் விழுந்திருந்தால், மங்கலாக இருப்பதாலேயே, கடிபட்ட அந்தப் பிறை அதில்தான் தெளிவாகத் தெரியும்.