வீடு இங்கே, வேலை அங்கே

உங்கள் கையில் டைட்டன் வாட்ச் இருக்கிறதா? அந்தப் பெயரிலேயே தமிழ்நாடு ஒளிந்திருக்கிறது! 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. பதிவு அலுவலகம் ஓசூர் சிப்காட்டில்; தலைமை ஆபீஸோ பெங்களூரில்.

ஓசூர்க்காரர் வாழ்க்கையும் அப்படித்தான். பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜியே, ஓசூர் பள்ளியில் படித்துவிட்டு காலேஜுக்குப் போனது பெங்களூருக்குத்தான். பின்னே? சென்னை 300 கிலோமீட்டர்; பெங்களூர் வெறும் 40!

1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கிய ஓசூர், தமிழகத்திலேயே தங்கியது. வேலை அங்கே, வீடு இங்கே என்று பலருக்குப் பிழைப்பு நடக்கிறது. சாதாரண நாளில் எல்லைக்கோடு யார் கண்ணுக்கும் படாது.

அது தெரிந்தது 2016 செப்டம்பரில். காவிரிக் கலவரத்தில் தமிழக நம்பர் வண்டிகள் பெங்களூரில் எரிந்தன. பஸ் ஓடவில்லை. அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு மூட்டை முடிச்சோடு ஜனங்கள் நடந்தே வந்தார்கள்.

சொந்த மாநிலத்தில் சம்பளம் கொஞ்சம் குறையலாம். ஏர்போர்ட்டுக்கு எல்லை தாண்ட வேண்டியிருக்கலாம். ஆனால், நம்பர் பிளேட்டை நினைத்துப் பயப்படாமல் தூங்கலாமே! அந்தத் தூக்கம் ஓசூரில் பிறந்த கன்னடக்காரருக்கும் கிடைக்க வேண்டும். அவருக்கும் இதுதானே சொந்த மாநிலம்?